நாணயத்தில் பிழை: அச்சில் பிறந்ததா, வெளியில் வந்ததா?

விளிம்பு பிறைபோல் வெட்டுண்ட ஒரு ரூபாய் நாணயம் கையில் கிடைத்தால், நம்மில் பலர் கேட்கும் முதற் கேள்வி, "இது எத்தனை ஆயிரம் பெறும்?" என்பதே. அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு. "எந்திரத்தின் எந்தக் கட்டத்தில் இது நேர்ந்திருக்கும்?" இதற்கு விடை சொல்ல முடியாத நாணயத்தை அச்சுப் பிழை என ஏற்கலாகாது என்பது என் கருத்து.

நாணயம் உருவாகும் முறையைச் சற்றுப் பார்ப்போம். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. வில்லையைக் குறுகிச் செல்லும் பள்ளத்தில் உருட்டும்போது அதன் விளிம்பு சற்றே மேலெழுகிறது. இறுதியில், சுற்றிலும் ஓர் எஃகு வளையம் பிடித்துக்கொள்ள, இரு அச்சுகளுக்கிடையே வில்லை அழுத்தப்படுகிறது.

தகடு போதிய தூரம் நகராமல், வெட்டும் கருவி முன்னர் ஏற்பட்ட துளையின் மேலேயே சிறிது விழுந்தால் பிறைவெட்டு உண்டாகும். இதை அரம் கொண்டு யாரும் செய்துவிடலாமே என்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் வெட்டுக்கு நேர் எதிர்ப்புற விளிம்பை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். பள்ளத்தில் உருளும் வில்லையை இருபுறச் சுவர்களும் ஒருங்கே நெருக்க வேண்டும். வெட்டுண்ட பகுதி ஒரு சுவரைத் தொடாதபோது, எதிர்ப்புறத்திலும் அழுத்தம் குறைந்துவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி அங்கேயும் வேலை செய்கிறது! எனவே உண்மையான வெட்டுக்கு எதிரே விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அரத்தால் ராவிய நாணயத்திலோ அது முழுமையாக நிற்கும்.

கோடுகளைச் சோதிக்க விரல் நகமே போதும். அச்சில் விரிசல் கண்டால் உலோகம் அதனுள் பாய்ந்து, நாணயத்தில் மேடான கோடாக நிற்கும். பள்ளமான கோடு பெரும்பாலும் வெளியே பட்ட கீறல்தான்.

இன்னொன்று மிகச் சுவையானது. அடித்த நாணயம் வெளியே விழாமல் ஓர் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லைக்கு அந்த நாணயமே அச்சாகிவிடும். அந்த வில்லையின் ஒரு பக்கம் முறையாக அமையும். மறுபக்கத்தில் அதே உருவம் பள்ளமாகவும் இடவல மாற்றத்துடனும் பதியும். இரு நாணயங்களைப் பட்டறைப் பிடிப்பானில் வைத்து நெருக்கியும் இப்படி ஒன்றை உண்டாக்கலாம். ஆனால் அந்தப் போலியில், நசுங்கிய பழைய உருவத்தின் சுவடு அடியில் தெரியும்.

மாறுபட்டவை எல்லாம் பிழைகள் அல்ல. ஆண்டின் கீழ் வைர வடிவக் குறி இருந்தால் மும்பை, விண்மீன் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா. கொல்கத்தா நாணயத்திலோ குறியே இராது. குறி இல்லை என்பதற்காக அதை அதிசயமாகக் கொண்டாடுவது வேடிக்கை. பத்து ரூபாய் நாணயங்களின் வடிவமைப்பு வேறுபடுவதைக் கண்டு கடைக்காரர்கள் அவற்றைப் போலி என்று மறுத்த கூத்தையும் பார்த்தோம். அதுவரை வெளியிட்ட 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்க வேண்டியதாயிற்று.

உண்மைப் பிழைகளைச் சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், "லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்பவரை நம்பாதீர்கள். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிப் பழைய நோட்டு, நாணய வணிகத்துக்குக் கட்டணம், கமிஷன், வரி கேட்போர் உண்டென்றும், தனக்கு அவர்களோடு எவ்விதத் தொடர்பும் இல்லையென்றும் 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.