ஒரு கறி மீனுக்கு முழு வாவியுமா?

“அண்ணே, 62 வீதத்தில நிண்டுட்டு. மறுகா முதல்ல இருந்து தொடங்குது. என்ட கொம்பியூட்டர் பழுதா?”

மண்டூர்ப் பக்கத்திலிருந்து எங்கட வட்டத்துத் தம்பி ஒருவர் இரவு பத்து மணிக்குப் போன் எடுத்துக் கேட்டது இது. அவருடைய கொம்பியூட்டரில் ஒரு பழுதும் இல்லை. லினக்ஸ் கேர்னலின் விளக்க ஆவணம் ஒன்றில் ஓர் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்திருந்தார். அதைத் திருத்தி அனுப்ப ஆசை. ஒரே ஒரு சொல்தான். அதற்காக ‘கிட் குளோன்’ கொடுத்தார். போன் ஹொட்ஸ்பொட்டில் ஜீபி கணக்கில் இறங்கத் தொடங்கியது. நடுவில சிக்னல் போயிட்டு. திரும்பக் கொடுத்தார், பூச்சியத்திலிருந்து தொடங்கியது. இரண்டாம் முறையோட டேட்டா கார்டும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் போன்.

இப்படிப் போன் எடுக்காமலே விட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கேள்வி அண்டைக்கு எங்களுக்குள்ள வந்தது. “இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது” எண்டு லப்டொப்பை மூடிவிட்டுப் போனவர்கள். கிட் பாடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒரு பகுதி இருக்கிறது: ரெப்போ பெரிதானால் என்ன செய்வது? அது கூகுள், மைக்ரோசொப்ட் போன்ற இடங்களின் பிரச்சினை, எங்களுக்கு எதற்கு எண்டு விட்டுவிடுகிறோம். எங்கட கருத்து நேர்மாறானது. பெரிய ரெப்போவின் பாரம் முதலில் விழுவது மெலிந்த இணைப்பு வைத்திருக்கிறவரின் தலையில்தான்.

கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார், கேர்னல் வேலைக்காகவே. அதன் அடிப்படை எண்ணம் நல்ல எண்ணம். நடுவில் ஒரு சேர்வரை நம்பி இருக்கத் தேவையில்லை. குளோன் எடுக்கிற ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். ஒரு பிரதி அழிந்தாலும் இன்னொன்று கிடைக்கும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, பல பிரதி இருப்பதன் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் பல பிரதி இருக்கவேண்டும் என்பது வேறு, வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரும் முழுப் பிரதியைச் சுமக்கவேண்டும் என்பது வேறு. ‘நூலகம்’ இணையத்தளத்துக்குப் போய் ஒரு பழைய சஞ்சிகை வாசிக்கிறோம். அதற்காக அங்குள்ள எல்லா நூலையும் யாரும் இறக்கச் சொல்வதில்லை. கேர்னலின் கொமிட் எண்ணிக்கையோ 2020இலேயே 10 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு சொல்லைத் திருத்த வந்தவருக்கு அவ்வளவையும் கொடுக்கிறது வழமையான குளோன். இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் அதனால் முடியாது. படம் இறக்கினால் தொடரலாமே எண்டு கேட்பீர்கள். படம் சேர்வரில் ஒரே கோப்பாகக் கிடக்கிறது. குளோனுக்கோ, கேட்கிற நேரத்தில்தான் சேர்வர் பொதியைக் கட்டுகிறது. அடுத்த முறை அதே பொதி அதே மாதிரி வரும் எண்டு உத்தரவாதம் இல்லை.

இதை முதலில் பெரிதாகச் சத்தம் போட்டுச் சொன்னவர்கள் பெரிய நிறுவனங்கள்தான். கூகுள் 2016இல் வெளியிட்ட கட்டுரையின்படி அவர்களின் ஒற்றைக் களஞ்சியம் 86 டெரபைட், 200 கோடி வரி. அதற்குக் கிட் தாங்காது எண்டு தங்களுக்கென்றே ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள். பேஸ்புக் 2014இல் மெர்க்கூரியல் பக்கம் போய், கோப்பின் வரலாற்றைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும்படி அதை மாற்றியது. மைக்ரோசொப்ட் விண்டோஸைக் கிட்டுக்குக் கொண்டுவந்தபோது 35 இலட்சம் கோப்புகள், சுமார் 300 ஜீபி, 4,000 அளவில் பொறியியலாளர்கள். 2017இல் அவர்களே சொன்ன கணக்கு: குளோன் எடுக்க 12 மணித்தியாலத்துக்கு மேல், என்ன மாறியிருக்கிறது எண்டு பார்க்கிற ‘ஸ்டேட்டஸ்’ கட்டளைக்கு 10 நிமிடம். தேவைப்படுகிற கோப்பை மட்டும் கொண்டுவருகிற ஒரு மாயக் கோப்பமைப்பைக் கட்டிய பிறகு குளோன் சில நிமிடத்துக்கும், ஸ்டேட்டஸ் 4, 5 செக்கனுக்கும் இறங்கியது.

அந்த மாயக் கோப்பமைப்பு எங்களுக்கு உதவாது. அது அவர்களின் சேர்வருக்கும் அவர்களின் விண்டோஸுக்கும் பொருந்தச் செய்தது. அதன்பிறகு நடந்தது முக்கியம். ஒதுங்கி நிண்டு கட்டாமல், அதே எண்ணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுக் கிட்டுக்குள்ளேயே பலரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். 2018இல் கொமிட் வரலாற்றை வேகமாக நடந்துபார்க்க ஒரு தனி அட்டவணை வந்தது. தேவையான கோப்புறையை மட்டும் விரிக்கிற ‘ஸ்பார்ஸ் செக்அவுட்’ கட்டளை 2020 ஜனவரியில், 2.25ஆம் பதிப்போடு வந்தது. மாறிய கோப்பு எது எண்டு இயங்குதளத்திடமே கேட்டறிகிற வசதி விண்டோஸுக்கும் மக்குக்கும் 2022இல் கிட்டோடு சேர்ந்தது. இவற்றையெல்லாம் ஒரே கட்டளையில் அமைத்துத் தருகிற ‘ஸ்கேலார்’ அதே வருடம் ஒக்டோபரில், 2.38இல் சேர்ந்தது. 4,000 பேருக்காக வெட்டிய பாதையில் இண்டைக்கு ஒரு ஆளும் போகலாம். ஆனால் இந்தப் பாதை இருப்பதை எங்கட பக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

எங்களுக்கு உதவுவது இதில் எது? நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, ஆழம் குறைத்த குளோன். ‘டெப்த் 1’ எண்டு கொடுத்தால் கடைசிக் கொமிட் மட்டும் வரும். கேர்னலுக்கே இது ஜீபி கணக்கிலிருந்து சில நூறு எம்பிக்கு இறங்கிவிடும். குறை என்னவெண்டால், இந்த வரியை யார், எப்ப, ஏன் எழுதினார்கள் எண்டு பார்க்க ஏலாது. சின்னத் திருத்தத்துக்குப் போதும். நீண்டநாள் வேலைக்குப் போதாது.

இரண்டாவது, பகுதிக் குளோன். ‘ஃபில்டர்’ தெரிவில் ‘பிளாப் நன்’ எண்டு கொடுத்தால் கொமிட்டும் கோப்புறைப் பட்டியலும் முழுவதும் வரும். கோப்புகளின் பழைய உள்ளடக்கம் மட்டும் கேட்கும்போது வரும். கிட்ஹப், கிட்லாப் இரண்டும் இதைத் தருகின்றன. நீண்டநாள் வேலைக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம். ஆனால் ஒரு எச்சரிக்கை: இணைப்பு இல்லாத நேரத்தில் பழைய கோப்பொன்றைத் திறந்தால் அது கையை விரித்துவிடும். கரண்டும் சிக்னலும் போய்ப்போய் வருகிற ஊரில் இதை மறக்கக்கூடாது.

மூன்றாவது, முன்னே சொன்ன ஸ்பார்ஸ் செக்அவுட். கேர்னலில் 80,000 அளவில் கோப்புகள். தம்பிக்குத் தேவை ஆவணக் கோப்புறையும், பட்சைச் சரிபார்க்கிற கருவிகள் இருக்கிற கோப்புறையும் மட்டும்தான். மேல்மட்டத்தில் இருக்கிற தனிக் கோப்புகள் தானாகவே வரும், ஆகவே பட்சை யாருக்கு அனுப்பவேண்டும் எண்டு சொல்கிற பட்டியலும் கூடவே கிடைக்கும். பழைய ஹார்ட்டிஸ்க் வைத்த லப்டொப்பில் ஸ்டேட்டஸ் கட்டளைக்கு எடுக்கிற நேரமும் இதால் நன்றாகக் குறையும்.

மற்றது, ஸ்கேலாரையோ கிட்டின் ‘மெயின்டனன்ஸ்’ வசதியையோ அப்படியே போடுவதற்கு முதல் யோசியுங்கள். வழமையான அமைப்பில் அது மணித்தியாலத்துக்கு ஒருமுறை பின்னணியில் புதிய கொமிட்டுகளை இறக்கி வைக்கும். வயர் இணைப்புள்ள அலுவலகத்துக்கு அது வரம். டேட்டா கார்டுக்காரருக்கு அது தெரியாமல் ஒழுகுகிற குழாய். ‘பிரீஃபெட்ச்’ எண்ட அந்த ஒரு வேலையை நிறுத்திவிட்டு மிச்சத்தை வைத்திருக்கலாம். யாருடைய நிலைமையை மனதில் வைத்து ஒரு கருவி செய்யப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை.

சரி, ஊரில் நாங்கள் என்ன செய்கிறோம்? எங்கட ரெப்போக்களையே திறந்து பார்த்தோம், வெட்கமாகத்தான் இருந்தது. நாலு பேர் செய்த ஒரு கோர்ஸ் புரொஜெக்ட், 40 கோப்பில் கோட். ரெப்போவோ ஜீபியைத் தொட்டு நிற்கிறது. உள்ளே ‘நோட் மொடியூல்ஸ்’, ஒவ்வொரு வாரமும் போட்ட ஏபிகே, டெமோ வீடியோ. “அதெல்லாம் அழிச்சிட்டம்தானே” எண்டு ஒருவர் சொன்னார். கிட்டில் அழித்தது அழிவதில்லை. அடுத்த கொமிட்டில்தான் இல்லை, வரலாற்றில் அப்படியே கிடக்கும், குளோன் எடுக்கிற எல்லார்ட டேட்டாவையும் தின்னும். முதல் நாளே ‘கிட் இக்னோர்’ கோப்பை எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினை வந்தே இராது. வீடியோ, படம் கட்டாயம் வேண்டும் எண்டால் அதற்கென்று எல்எஃப்எஸ் இருக்கிறது. ஏற்கனவே சேர்ந்ததை ‘ஃபில்டர் ரெப்போ’ கருவியால் வரலாற்றிலிருந்தே எடுக்கலாம். அது எல்லாக் கொமிட்டின் அடையாளத்தையும் மாற்றிவிடும் என்பதால், கூட இருக்கிறவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும்.

ஆகவே மூன்று தரப்பிடம் எங்களுக்குக் கேட்க இருக்கிறது.

பெரிய திறந்தமூலத் திட்டங்களை நடத்துகிறவர்களிடம்: பங்களிப்பு வழிகாட்டியின் முதல் கட்டளையாக முழுக் குளோனை எழுதாதீர்கள். சின்ன வழியை முதலில் எழுதுங்கள். குரோமியம் தன் வழிகாட்டியில் வரலாறு இல்லாமல் எடுக்கிற வழியைச் சொல்கிறது. கேர்னல் தளம் முழு ரெப்போவையும் ஒரே ‘பண்டில்’ கோப்பாகவும் வைத்திருக்கிறது, அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறக்கலாம். முடியும் எண்டு இவர்கள் காட்டிவிட்டார்கள்.

வந்தாறுமூலையிலும் மற்ற இடங்களிலும் கிட் படிப்பிக்கிறவர்களிடம்: கொமிட், புஷ், மேர்ஜ் எண்டதோட பாடத்தை முடிக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் இதற்கு ஒதுக்குங்கள். கம்பஸ் வைஃபையில் சரியாக ஓடுவது, பிள்ளை வீட்டுக்குப் போனதும் ஓடாது.

கடைசியாக எங்களிடமே: இதைத் தமிழில் எழுதிவைக்கவேண்டும். சுனாமி வந்த கையோடு இந்த நாட்டுத் தொண்டர்கள் எழுதிய ‘சஹானா’ மென்பொருள் பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் போனது. சுனாமி மிக மோசமாக அடித்த கரைகளில் ஒன்று எங்களுடையது. அப்படியான வேலையில் அடுத்த முறை இந்தக் கரையின் பிள்ளைகளும் கை வைக்கவேண்டும் எண்டால், வாசற்படியின் உயரத்தைப் பற்றி இப்பவே பேசவேண்டும்.

தம்பியின் கதைக்கு வருவம். டவுனில் பைபர் இணைப்புள்ள ஒருவர் இரவோடு இரவாகக் கேர்னலின் பண்டிலை இறக்கினார். பென்ட்ரைவைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூருக்குப் போனோம். பண்டிலிலிருந்து குளோன் எடுத்து, முகவரியைக் கேர்னல் தளத்துக்கு மாற்றி, பண்டிலுக்குப் பிறகு வந்த கொமிட்டை மட்டும் அவருடைய டேட்டாவில் இறக்கினோம். பிறகு ஸ்பார்ஸ் செக்அவுட். அவர் அந்த ஒரு சொல்லைத் திருத்தி, பட்சை மின்னஞ்சலில் அனுப்பினார்.

திரும்பிவரும்போது எங்களில் ஒருவர் கேட்டார், “ஒரு கறி மீனுக்கு முழு வாவியையும் வலிக்கச் சொல்றானுகளே, இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கல்லையா?” கேட்டிருக்கிறார்கள், வழியும் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கட காதுக்குத்தான் வந்து சேரவில்லை. பட்சுக்கு இன்னும் பதில் வரவில்லை. தம்பி இப்ப இரண்டாவது பிழையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.