மாணவனுக்கும் ஓர் ஆசனம்

பாடசாலைக்கு வா என்று பிள்ளைக்குக் கட்டளையிடும் சட்டம் எம்மிடம் உண்டு. வந்த பிள்ளை தன் குறையைச் சொல்லலாம், சொன்னால் அதைக் கேட்டுப் பதிலிறுக்க வேண்டும் என்று விதிக்கும் சட்டம் எம்மிடம் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்திலேதான் மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு விழுந்து கிடக்கிறது என்று நாம் சொல்கிறோம்.

2021ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாளைத் தலைமன்னார் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகள் ஏறியிருந்த தனியார் பேருந்தொன்று புகையிரதக் கடவையில் புகையிரதத்தோடு மோதுண்டது. பிள்ளையொன்று மாண்டது, பலர் காயமுற்றனர். குற்றம் யாரைச் சாரும் என்பது எம் கேள்வியன்று. நாம் கேட்பது வேறு. அந்தக் கடவையைக் காலையும் மாலையும் கடந்தவர் யார்? அமைச்சரா? கல்விப் பணிப்பாளரா? பிள்ளைகளே கடந்தனர். பேருந்தில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டு போகின்றனர், எந்த இடத்தில் நெஞ்சு திக்கென்கிறது என்பதையெல்லாம் அவர்களைப்போல அறிந்தவர் வேறெவருமில்லர். அவ்வறிவைக் கேட்டு எழுதிவைக்கப் பாடசாலைக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தையேனும் எந்தச் சட்டம் ஒதுக்கியது?

சட்டங்கள் இல்லாமலில்லை. 1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் கடமையைப் பெற்றோர்மீது சுமத்தின; 2016இல் அந்த வயதெல்லை 16 ஆயிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை எல்லோருக்கும் எல்லா மட்டத்திலும் சமமான கல்வி வாய்ப்பை உறுதிசெய்வதாக வாக்களிக்கிறது. ஆனால் இரண்டு உறுப்புரைகள் தள்ளி 29ஆம் உறுப்புரையில் கண்ணை ஓட்டுங்கள்: மேற்சொன்ன தத்துவங்களை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று எழுதியிருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதென்றால் இதுதான். 1991 ஜூலையில் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் எல்லா விடயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, அக்கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. கையெழுத்திட்ட அரசாங்கத்தின் பாடசாலைகளில் அவ்வுறுப்புரை எங்கே வாழ்கிறது?

மாணவத் தலைவர்கள் இருக்கிறார்களே என்பர் சிலர். இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற அந்த ஏற்பாட்டில், அவர்களை நியமிப்பவர் அதிபர். அவர்கள் காவல் காப்பது அதிபரின் ஒழுங்கை. பின்வாங்கில் இருக்கும் பிள்ளையின் பிரதிநிதி என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. மாணவர் பாராளுமன்றம் இருக்கிறதே என்பர் வேறு சிலர். அதுவும் நல்ல காரியமே; வாக்குப் பெட்டியைப் பிள்ளை கண்ணாற் காண்கிறது, ‘அமைச்சர்’ என்று அழைக்கப்படுகிறது, சபாநாயகர் ஆசனத்தில் அமர்கிறது. ஆனால் அந்த ‘அமைச்சருக்கு’ மலசலகூடக் கதவொன்றைத் திருத்துவிக்கும் அதிகாரமாவது உண்டா? பாடசாலையின் பணமும் கட்டடமும் பேசப்படுவது அங்கன்று; பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில். அதில் அதிபர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கின்றனர், பெற்றோர் இருக்கின்றனர், பழைய மாணவர் இருக்கின்றனர். பழைய மாணவனுக்கு இடமுண்டு. இன்றைய மாணவனுக்கு இடமில்லை! இவ்விந்தையைப் படைத்தவர் யாரோ அறியோம்.

இதனைப் புதுமையான கோரிக்கை என்று எவரும் மருள வேண்டியதில்லை. எம்மவர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கும் நோர்வே நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பாடசாலையிலும் மாணவர் சபை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஒஸ்திரியாவின் மேல்நிலைப் பாடசாலைகளிலே, பாடசாலைக் கூட்டுக்குழுவில் ஆசிரியர் மூவர், பெற்றோர் மூவர், மாணவர் மூவர். மூன்று தரப்பினர்க்கும் வாக்கு ஒன்றே. 1975இல் டப்ளின் நகரில் கூடிய மாணவர் சங்கங்கள் ஐரோப்பியப் பாடசாலை மாணவர் ஒன்றியங்களுக்கென ஒரு பொது நிலையத்தையே அமைத்துக்கொண்டன. அது இன்றும் இயங்குகிறது. பேசாலையில் ஒரு வீட்டின் பிள்ளை இங்கே வாய் பொத்தி நிற்க, அதன் ஒன்றுவிட்ட சகோதரி ஒஸ்லோவில் பாடசாலைச் சபையிலே எழுந்து பேசுகிறாள் என்றால், வேறுபாடு இரத்தத்தில் இல்லை, சட்டத்தில்தான் இருக்கிறது.

ஐரோப்பா சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. 2004இல் பிரான்ஸ் ஒரு சட்டமியற்றி முஸ்லிம் மாணவியின் தலைத்துணியை அரசாங்கப் பாடசாலையின் வாசலிலேயே நிறுத்தியது. செக் குடியரசின் ஒஸ்திராவா நகரில் ரோமா இனப் பிள்ளைகளைப் பரீட்சையொன்றை வைத்து, மந்தபுத்தியினருக்கென அமைந்த தனிப் பாடசாலைகளுக்கு ஒதுக்கித் தள்ளினர். அப்பிள்ளைகளில் 18 பேர் தொடுத்த வழக்கில், 2007 நவம்பர் 13இல் ஸ்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம் அது பாரபட்சமே என்று தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் ஒரே பரீட்சைதானே வைத்தோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. விதி ஒன்றாயிருந்தும் விளைவு ஓரினத்தின் தலையிலேயே விழுமாயின் அவ்விதியைச் சோதிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதனை மன்னாரில் இருப்போர் கருத்தூன்றிப் படிக்க வேண்டும்.

ஏனெனில் இங்கேயும் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பிள்ளைகள் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களை எண்ணிப் பாருங்கள். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் பிறந்தவர்கள் புத்தளத்துக் கொட்டில்களிலே பிள்ளைகளை வளர்த்தார்கள். ஊர்ப்பிள்ளைகள் படித்து முடித்துப் போன வகுப்பறைகளிலே பிற்பகலில் அமர்ந்து அப்பிள்ளைகள் எழுத்தறிந்தன. போர் முடிந்து மீண்டவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு கால் முசலியில், மறு கால் புத்தளத்தில். மலையகத்திலிருந்து 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தோரின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர். வாடைக்கும் சோளகத்துக்கும் ஏற்பக் கரை மாறிக் குடிபெயரும் கடற்றொழிலாளரின் பிள்ளைகள் இருக்கின்றனர். இப்பிள்ளை இவ்வாரம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இடாப்பில் ஒரு சிவப்புப் புள்ளிதான் விடை. காரணம் அடுத்த மேசையில் இருக்கும் தோழனுக்குத் தெரியும். அவனை யாரும் கேட்பதில்லை.

அங்கவீனமுற்ற பிள்ளையின் நிலையோ இதனினும் கொடிது. 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் படிக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தனர். இத்தாலியோ அதற்கு முன்பே, 1977ஆம் ஆண்டின் 517ஆம் இலக்கச் சட்டத்தால் தனி வகுப்புகளை ஒழித்துவிட்டது. எம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அங்கவீனத்தைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுக்கலாகாது என்று தெளிவாகவே கூறுகிறது. கட்டடங்களுக்குச் சாய்தளமும் கைபிடியும் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. தாமே சக்கர நாற்காலியிலிருந்து வழக்காடிய கலாநிதி அஜித் பெரேராவின் மனுவில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவ்விதிகளுக்கு உயிரூட்டியது. இத்தனையும் தாளில் இருக்கின்றன. வாசகர்கள் தத்தம் ஊர்ப் பாடசாலைக்குப் போய் வாயிற்படியைப் பார்க்கட்டும். சக்கர நாற்காலி ஏறுமா என்று பார்க்கட்டும். விஞ்ஞான கூடம் எந்த மாடியில் என்று கேட்கட்டும். பிள்ளையைச் சேர்க்க மறுப்பது குற்றம் என்றால், சேர்த்துவிட்டுப் படிக்கட்டின் கீழேயே இருத்தி வைப்பது என்னவாம்?

நீதிமன்றம் இருக்கிறதே என்று எம் தொழில் சார்ந்தோர் சொல்லக்கூடும். நீதிமன்றம் பெருந்துணை என்பதை நாம் மறுக்கவில்லை. எச்.ஐ.வி. தொற்றுடையது என்ற வதந்தியால் பாடசாலைகள் ஏற்க மறுத்த ஒரு பிள்ளையின் கல்வி உரிமையை 2016இல் காத்தது உயர் நீதிமன்றமே. ஆசிரியரின் அறையினால் செவிப்புலன் கெட்ட மாணவனுக்கு 2021 பெப்ரவரியில் நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய தீர்ப்பு நட்டஈடு வழங்கிற்று. ஆயினும் அம்மாணவனின் மனு 2017ஆம் ஆண்டு இலக்கமுடையது; தீர்ப்பு வந்தபோது நான்காண்டுகள் போய்விட்டன. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுச்செய்ய வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. தாழ்வுபாட்டுக் கரையிலே வலை இழுக்கும் ஒரு தகப்பன், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கடந்து கொழும்பிலே சட்டத்தரணி பிடித்து, ஒரு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்வது நடக்கிற காரியமா? காது கிழிந்தபின் கொழும்புக்குப் போவதிலும், கை ஓங்கப்படுகிறது என்பதைப் பாடசாலையிலேயே சொல்ல ஓரிடம் இருப்பது மேலன்றோ? பிரம்படியைத் தடுக்கும் சுற்றறிக்கை 2005 முதலே இருக்கிறது. அது சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க மாணவருக்குத்தான் கண் உண்டு.

பிள்ளைகளை அரசியலுக்குள் இழுக்கிறீர்களே என்ற ஆட்சேபம் எமக்குக் கேட்கிறது. அதனை எள்ளி நகையாட மாட்டோம். அதன் பின்னால் உண்மையான அச்சம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளையின் கையில் ஆயுதம் கொடுக்கப்பட்ட மண் இது. 2008 ஜனவரி 29இல் மடுப் பகுதியில் பாடசாலைப் பிள்ளைகள் சென்ற பேருந்து கிளைமோர்க் குண்டுக்கு இரையாகிய மண்ணும் இதுவே. ஆனால் அந்தப் பிள்ளைகள் அரசியலைத் தேடிப் போகவில்லை. அரசியல்தான் அவர்களைத் தேடி வந்தது. தாய் பொத்திய வாயும் அவர்களைக் காக்கவில்லை. கட்சிப் பணியில் இருப்போர் என்ற முறையில் ஒன்று சொல்வோம்: எம்முடையது உட்பட எந்தக் கட்சியின் கொடியும் மாணவர் சபையின் வாசலைத் தாண்டலாகாது. ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கப் பாடசாலை மணியை அடிப்பவன் எவனாயினும் அவனைத் தடுக்கும் வாசகம் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

முதியோர் சிலர் நினைவுகூரட்டும். யாழ்ப்பாணத்திலே 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கலாம் என்று கல்விப் பகுதி பணித்தபோது, அதனைப் பொறுக்காதவர் பாடசாலைகளுக்கே தீ வைத்தனர். அதே யாழ்ப்பாணத்தில் 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது, சாதி பாராத பந்தியில் ஒன்றாக அமர்ந்து உண்டது; 1927இல் காந்தியடிகளை வடக்குக்கு அழைத்தது. ஹண்டி பேரின்பநாயகம் போன்றோரை உருவாக்கிய இயக்கம் அது. பெரியோர் பாடசாலையை எரித்த காலத்தில் ஒன்றாக உட்காரக் கற்றுத் தந்தவர் மாணவரே என்பதை, இளையோருக்குப் பக்குவம் போதாது என்று தலையசைப்போர் அறிவது நன்று.

இனிச் செய்யத்தக்கது யாது? 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் பாடசாலைக் கல்வியை மாகாணத்துக்குத் தந்தது. தேசிய பாடசாலைகள் மட்டும் மத்தியிடம் நின்றன. எனவே மாணவர் சபைக்கும் அபிவிருத்திச் சங்கத்தில் மாணவர் ஆசனத்துக்கும் வழிசெய்யும் நியதிச்சட்டமொன்றை வட மாகாண சபை ஆக்கலாம். ஆனால் சபை எங்கே? 2013இல் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல உருண்டும் தேர்தல் நடைபெறவில்லை. ஆளுநர் ஆள்கிறார். பெற்றோருக்கே மாகாணத்தில் வாக்கில்லாத நாட்டில் பிள்ளைக்கு வாக்குக் கேட்கிறார்களே என்று நகைப்போர் நகைக்கட்டும். இரண்டும் ஒரே நோயின் இரு கட்டிகள்.

நியதிச்சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. மாணவனைச் சங்கத்தின் உறுப்பினனாக்கச் சுற்றறிக்கை வேண்டும். அவனைக் கூட்டத்துக்கு அழைத்து அவன் சொல்வதைக் கேட்க எந்தச் சுற்றறிக்கையும் வேண்டாம். மன்னார், மடு ஆகிய இரு கல்வி வலயங்களிலும் பிள்ளை படிப்பிக்கும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் அச்சங்கத்தின் அங்கத்தவரே. ஆகவே உங்கள் பாடசாலையின் அடுத்த பொதுக்கூட்டம் எந்நாள் என்று இன்றே கேட்டறியுங்கள். கீழ்வரும் பிரேரணையைக் கையால் எழுதிக் கொண்டு செல்லுங்கள்:

“இப்பாடசாலையில் ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் கற்கும் மாணவ மாணவியர் இரகசிய வாக்கினால் தெரிவுசெய்யும் இருவரையும், அங்கவீனமுற்ற மாணவர் இருப்பின் அவர்களுள் ஒருவரையும், நிறைவேற்றுக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அழைப்பதெனவும், அவர்கள் கூறுவதைக் கூட்டக் குறிப்பில் பதிவதெனவும், 30 நாட்களுக்குள் எழுத்தில் பதிலளிப்பதெனவும், கூறியதற்காக எம்மாணவரும் தண்டிக்கப்படலாகாதெனவும் இக்கூட்டம் தீர்மானிக்கிறது.”

வழிமொழிய இன்னொருவர் தேவை. பக்கத்து வீட்டாரிடம் முன்னதாகவே பேசி வையுங்கள்.