படம் எங்கே போயிற்று?



2019 டிசம்பர் 26ஆம் நாள் காலை வானத்தில் நிகழ்ந்ததை உங்களில் சிலர் சிறு பிள்ளைகளாகப் பார்த்திருக்கக்கூடும். அன்று கங்கண சூரிய கிரகணம். ஒன்பதரை மணி அளவில் நிலா சூரியனின் நடுப்பகுதியை மறைத்துக்கொள்ள, விளிம்பு மட்டும் நெருப்பு வளையமாக ஏறத்தாழ 3 நிமிடம் நின்றது. வளையம் தெரிந்த பாதை எங்கள் சேவூர், அவிநாசி வட்டாரத்தின் மீதே சென்றது. இயற்பியல் கற்பிக்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன பேறு வேண்டும்!

அந்தக் கிரகணத்தைப் பற்றிப் பள்ளியில் ஒப்படைப்பு எழுதப் புறப்பட்டாள் எங்கள் பக்கத்து வீட்டு மாணவி. பத்தாம் வகுப்பு. அண்ணன் வேலை செய்யும் பனியன் கம்பெனிக் கணிப்பொறியில் ஓர் இணையப் பக்கத்தைச் சேமித்து, பென்டிரைவில் எடுத்துப்போய், ஜெராக்ஸ் கடையில் 4 தாள் அச்சிட்டுக் கொண்டுவந்தாள். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. "படம் 1இல் காண்க" என்று இருந்தது. கீழே வெறும் கட்டம். "படம் 2இல் உள்ளவாறு" என்றிருந்தது. அங்கும் கட்டம்.

"சார், படமெல்லாம் எங்க சார் போச்சு?" என்றாள்.

நல்ல கேள்வி. இதற்கு விடை தெரியாமல் ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் வெறும் கட்டங்களை அச்சிட்டுக் காசைத் தொலைக்கிறார்கள்.

இணையப் பக்கத்தில் படம் இருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது படத்தின் முகவரி மட்டுமே. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பனியனுக்குத் துணி ஓரிடத்தில் பின்னப்படுகிறது, சாயம் வேறிடத்தில், அச்சு இன்னோரிடத்தில், லேபிளும் பொத்தானும் வெவ்வேறு கடைகளிலிருந்து வருகின்றன. கம்பெனியில் இருக்கும் ஆர்டர் தாளில் எது எங்கிருந்து வரவேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். இணையப் பக்கமும் ஓர் ஆர்டர் தாளே. "இந்த இடத்தில், இந்த முகவரியிலுள்ள படத்தை வை" என்று அது சொல்கிறது. உலாவி என்னும் மென்பொருள் ஓடிப்போய் அவற்றை வாங்கி வந்து கோத்துக் காட்டுகிறது. அந்த மாணவி சேமித்தபோது கணிப்பொறி ஒரு கோப்பையும், படங்கள் அடங்கிய ஓர் உறையையும் தனித்தனியாக வைத்தது. அவள் கோப்பை எடுத்தாள், உறையை விட்டுவிட்டாள். ஆர்டர் தாள் கடைக்குப் போயிற்று, சரக்கு கம்பெனியிலேயே கிடந்தது!

ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ வைய விரிவலைக்கான திட்டத்தை முன்வைத்தபோது, எழுத்துகளையும் இணைப்புகளையுமே முதன்மையாகக் கருதினார். எழுத்துகளுக்கு நடுவே படங்களைக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியது 1993இல் வந்த மொசைக் உலாவி. அதே 1993இல்தான் அடோபி நிறுவனம் பி.டி.எஃப். என்னும் கோப்பு முறையையும் வெளியிட்டது. இதன் போக்கு நேர் எதிரானது. எழுத்து, எழுத்துரு, படம் யாவற்றையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வல்லது இது. கட்டி முடித்த அட்டைப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கொண்டுபோய்ப் பிரித்தாலும் உள்ளே சரக்கு இருக்கும்.

எழுத்துரு என்றேன் அல்லவா? தமிழர்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் தலைமையில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினார்கள். ஒருங்குறி பரவாத காலம் அது. அதற்கென உள்ள தமிழ் எழுத்துரு உங்கள் கணிப்பொறியில் இல்லாவிட்டால், தமிழ் நூல் ஏதோ புரியாத ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கோப்பில் அந்தத் தொல்லை இல்லை. இன்றும் அந்தத் திட்டத்தின் நூல்கள் இணையப் பக்கமாகவும் பி.டி.எஃப். ஆகவும் கிடைக்கின்றன. பக்கத்துக்கு வெளியே விடப்பட்டது எதுவும் ஒருநாள் காணாமற்போகலாம் என்பதை நன்கு உணர்ந்தவர்களின் வேலை அது. 1994இல் தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற ஜியோசிட்டீஸ் தளம், ஜப்பான் நீங்கலாக, 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது எத்தனை பேருடைய பக்கங்களும் படங்களும் இருந்த இடத்தைவிட்டு மறைந்தன!

சரி, பி.டி.எஃப். ஆக்குவது எப்படி? உலாவியின் அச்சிடும் கட்டளையிலேயே அந்த வசதி உண்டு, கைப்பேசியிலும் உண்டு. ஆனால் ஒன்று. இன்றைய பக்கங்கள் பல, நீங்கள் கீழே உருட்டிச் செல்லும்போதுதான் அடுத்த படத்தை வரவழைக்கும். ஆகவே முதலில் கடைசி வரை மெல்ல உருட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கட்டளை கொடுங்கள். அவசரப்பட்டால் மீண்டும் வெறும் கட்டம்தான்.

படம் வந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. இங்கே கொஞ்சம் இயற்பியல் பேசுவோம். நல்ல கண்ணால் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறிய முடியும். தாளை 25 செ.மீ. தொலைவில் பிடித்தால் அது ஏறத்தாழ 0.07 மி.மீ. ஆகும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் ஒவ்வொரு புள்ளியும் 0.085 மி.மீ. அகலமாகும், கண்ணின் எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறது. அதனால்தான் அது வழவழப்பாகத் தெரிகிறது. இப்போது 250 படப்புள்ளி அகலமே உள்ள ஒரு சிறுபடத்தை எடுத்து ஏ4 தாளில் 170 மி.மீ. அகலத்துக்கு இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படப்புள்ளியும் 0.68 மி.மீ. ஆகிவிடும். கண்ணின் எல்லையைப்போல் 9 மடங்கு! நெருப்பு வளையம் படிக்கட்டுபோல் தெரியும். சிறுபடத்தைத் தொட்டு, அதன் பெரிய வடிவத்தைத் திறந்து சேமிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நிறத்திலும் ஒரு பொறி உண்டு. கடையில் கறுப்பு வெள்ளையில்தான் நீங்கள் அச்சிடப்போகிறீர்கள். வண்ண அச்சுக்குக் காசு அதிகம். பொதுவாகக் கையாளப்படும் ஒரு கணக்கின்படி, 0 முதல் 255 வரையுள்ள சாம்பல் அளவில் முழுச் சிவப்பு 76 ஆகும். முழு அளவில் பாதியாக உள்ள கரும்பச்சை 75 ஆகும். வரைபடத்தில் ஒரு கோடு சிவப்பு, மற்றொன்று கரும்பச்சை என்றால் தாளில் இரண்டும் ஒன்றே! பேனாவால் பெயரெழுதி வையுங்கள்.

"கைப்பேசி இருக்கும்போது தாள் எதற்கு? மரம் அழியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவுடன் இரவு ஷிப்டுக்குப் போய்விடுகிறது என்றால் அந்த வீட்டுப் பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்? எங்கள் பகுதியில் இது அரிதான செய்தியன்று. அந்தப் பிள்ளைக்கு 4 தாள்தான் புத்தகம். அதில் படமில்லாமல் கொடுப்பது பாதிப் பாடத்தைப் பிடுங்கிக்கொள்வதாகும்.

படத்தைக் கையால் வரைந்து வரச்சொல்லும் ஆசிரியர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். சூரியன், நிலா, நிழல்கூம்பு இவற்றைக் கட்டாயம் வரையத்தான் வேண்டும்; வரைந்தால்தான் விளங்கும். ஆனால் அன்று எடுத்த ஒளிப்படம் வேறு வகை. அது ஒரு சான்று. சான்றை யாரும் வரைந்து காட்ட முடியாது. சான்றென்றால் யார் எடுத்தது, எந்த முகவரியில், எந்த நாளில் பெற்றது என்ற குறிப்பும் தாளின் அடியில் இருக்கவேண்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா போன்ற தளங்கள், மூலத்தைக் குறிப்பிட்டு உரிம விதிப்படி அச்சிட்டுக்கொள்ள இசைவு தருகின்றன. எல்லாத் தளங்களும் அப்படியல்ல, பார்த்துச் செய்யுங்கள்.

தமிழில் அறிவியல் தளம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பக்கத்தின் ஓரத்தில் நாலு விளம்பரத்துக்கு இடம் ஒதுக்குகிறீர்கள். படங்களுடன் கூடிய அச்சுப் பதிப்பு ஒன்றுக்கும் இடம் கொடுங்கள்.

அந்த மாணவி மறுநாள் மீண்டும் கடைக்குப் போனாள். இம்முறை படங்கள் வந்திருந்தன. தாளை வீட்டுத் திண்ணையில் பரப்பி நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மிச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாம்பல் நிற வளையத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அன்னிக்குக் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடந்தமே, அது இதானா கண்ணு?" என்று கேட்டார்.