உடையில் கைவைத்த அரசுகள்

1645-இல் சீனத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருந்த மஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆண்கள் பத்து நாள்களுக்குள் முன்தலையை மழித்து, பின்னால் சடை பின்னிக்கொள்ள வேண்டும், மறுத்தால் மரணம். உடையும் மஞ்சு முறைக்கு மாற வேண்டும். யாங்சி கரையிலிருந்த ஜியாங்யின், அதற்கு முன்பே புதிய ஆட்சிக்குப் பணிந்துவிட்ட ஊர்தான். அரியணை கைமாறியதைப் பொறுத்துக்கொண்ட மக்கள், தலைமுடியில் கைவைத்ததைப் பொறுக்கவில்லை. 81 நாள்கள் கோட்டைக் கதவை அடைத்துப் போரிட்டார்கள். ஊர் வீழ்ந்தபின் நடந்தது படுகொலை.

சீன உடை என்றால் பட்டு, பூவேலை, அரசவைப் பகட்டு என்றே பேசிப் பழகிவிட்டோம். ஆள்வோர் அதை ஆணையாக்கிய வரலாற்றை அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

மஞ்சு அரசின் அந்த ஆணை, சீனப் பெரும்பான்மையினரான ஹான் இனத்துப் பெண்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. மேற்சட்டையும் பாவாடையுமாக அவர்கள் தங்கள் வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். மன்னராட்சி முடிந்தபின், 1920களில், ஷாங்காய் போன்ற நகரங்களின் படித்த பெண்கள் ஆண்களைப் போல ஒரே நீள அங்கியை உடுத்தத் தொடங்கினார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சியோங்சாம் எனப்படும் சீபாவ் இப்படிப் பரவியது. உடலை ஒட்டிய கவர்ச்சி உடையாகத் திரைப்படங்கள் காட்டும் அது, தொடக்கத்தில் தொளதொளவென்றுதான் இருந்தது. ஆணுக்கு நிகராக நிற்பேன் என்ற அறிவிப்பு அது. 1929-இல் தேசியவாத அரசு தன் உடை விதிகளில் அதைச் சேர்ப்பதற்கு முன்பே பெண்கள் முடிவெடுத்துவிட்டிருந்தார்கள்.

மாவோ காலத்தில் அதுவே முதலாளித்துவச் சின்னமானது. குடியரசுத் தலைவர் லியு ஷாவ்சியின் மனைவி வாங் குவாங்மெய், 1963-இல் இந்தோனேசியப் பயணத்தில் சீபாவும் முத்துமாலையும் அணிந்திருந்தார். 1967-இல், மாவோவின் தீவிர இளைஞர் படையினரான செங்காவலர்கள் அவரைச் சிங்குவா பல்கலைக்கழகத்தில் கூட்டத்தின் முன் நிறுத்தி, சீபாவை வலுக்கட்டாயமாக மாட்டி, மேசைப்பந்துகளைக் கோத்துக் கழுத்தில் போட்டார்கள். ஒரு பெண் விரும்பி உடுத்தியதையே அவருக்குத் தண்டனையாக்கிய கொடுமை அது.

2003-இல் ஜெங்ஜோ நகரத் தெருவில் ஓர் இளைஞர் பழைய ஹான் உடையில் நடந்தது செய்தியானது. இன்று அந்த ஹான்ஃபூவை இளையோர் ஆசையாக உடுத்துகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களில் ஒரு பிரிவினர் சீபாவை மஞ்சு எச்சம் என்று ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. கலப்பில்லாத ஹான் உடை எப்போது இருந்தது? கி.மு. 307-இலேயே சாவ் நாட்டு மன்னர் வூலிங், வடக்கு நாடோடிகளின் காற்சட்டையைத் தம் குதிரைவீரர்களுக்கு அணிவித்தார். தாங் காலச் சீமாட்டிகளும் மேற்கிலிருந்து வந்த இறுகிய கைச் சட்டைகளை விரும்பினார்கள்.

தூய்மை பேசத் தொடங்கினால் அரசு பின்னாலேயே வரும். 2023-இல், சீன மக்களின் உணர்வைப் புண்படுத்தும் உடைக்கு அபராதமும் காவலும் விதிக்கச் சட்டவரைவு ஒன்று முன்வைக்கப்பட்டது. எது புண்படுத்தும் என்பதைக் காவலர் எப்படி முடிவு செய்வார் என்று சட்ட அறிஞர்களே கேட்டார்கள். எதிர்ப்பு குவிந்தது, அடுத்த வரைவில் அந்தச் சொற்கள் இல்லை.