வீடும் நாமும்: கப்பலில் படிந்த தூசி



எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு சிறிய பாய்க்கப்பல் நிற்கிறது. பெரியப்பா இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில், வேலை செய்ய அனுமதி இல்லாமல் அறைக்குள்ளேயே இருந்த காலத்தில், பழப்பெட்டிப் பலகையைச் சீவிச் செய்தது. பாய் அவருடைய பழைய வேட்டி. கயிறு தையல்நூல். மனதில் வைத்துச் செய்தது எங்கள் ஊர் 'அன்னபூரணி'யை. வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தக் கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று, 1938 ஓகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

சென்ற ஆண்டு விருந்தினர் வருகிறார்கள் என்ற அவசரத்தில் நாங்கள் இதை ஈரத்துணியால் துடைத்தோம். துணி கயிற்றில் கொழுவியது. இழுத்தோம். முன் பாய்மரத்தின் மேல் பருமல் முறிந்து விழுந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இப்போது கை நடுங்குகிறது, இன்னொன்று செய்ய முடியாது. அதன் பிறகுதான் முறையைத் தேடிப் படித்தோம். உங்கள் வீட்டிலும் இப்படியொரு பொருள் இருந்தால் எங்கள் பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.

மாரியில் நாங்கள் யன்னல்களைப் பூட்டிவிடுகிறோம். குசினியில் பொரிக்கும் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் வீட்டுக்குள்ளேயே நிற்கும். அந்தப் பசையில் தூசி ஒட்டிக்கொள்ளும். ஆகவே தூசி உலர்ந்து இலகுவாக இருக்கும்போதே, மாதம் ஒரு தடவையாவது தட்டிவிட வேண்டும்.

தேவையானவை: நீர்வர்ணம் தீட்டும் மென்மையான புதுத் தூரிகை, பெரிதொன்று, சிறிதொன்று. கீழே விரிக்க ஒரு வெள்ளைத் துணி. ஏதாவது உதிர்ந்தால் அதில் தெரியும்.

கப்பலைப் பாய்மரத்தில் பிடித்துத் தூக்காதீர்கள். அடித்தட்டோடு இரு கைகளாலும் தூக்குங்கள். பாய்மர நுனியில் தொடங்கிக் கீழே வாருங்கள். மேலிருந்து விழும் தூசியைக் கடைசியில் தட்டில் வைத்து எடுக்கலாம். கயிற்றைக் குறுக்கே தேய்க்காமல், அதன் நீளத்துக்கே தடவுங்கள். பாய்க்குப் பின்னால் ஒரு விரலை முட்டுக் கொடுங்கள். தூசி உறிஞ்சும் மெசின் இருந்தால் குறைந்த வேகத்தில் வைத்து, குழாய் வாயில் பழைய நைலோன் காலுறையை றப்பர் பாண்டால் கட்டுங்கள். அதைக் கப்பலில் தொடவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, தூரிகையால் தூசியை அதன் பக்கம் தட்டிவிடுங்கள். சிறு துண்டு கழன்றாலும் காலுறையில் நிற்கும்.

தூரிகைக்கு அசையாத அழுக்குக்கு, பஞ்சுக் குச்சியை உமிழ்நீரில் சற்று நனைத்து உருட்டி எடுங்கள். தேய்க்க வேண்டாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நூதனசாலைகளிலும் இப்படிச் செய்கிறார்கள். உமிழ்நீரில் உள்ள நொதியம் அழுக்கை இளக்கும். வார்ணிஷ் பூசாத மரத்திலும், தண்ணீரில் கரையும் வர்ணத்திலும் ஈரமே ஆகாது.

டின்னில் வரும் அழுத்தக் காற்றை அடிக்காதீர்கள். நூல் அறும், தூசியும் இடுக்குகளுக்குள் போய்விடும். தளபாடத்துக்குப் பூசும் பொலிஷும் வேண்டாம். அதன் எண்ணெய் மேலும் தூசியை இழுக்கும்.

வைக்கும் இடமும் முக்கியம். ஹீற்றருக்கு மேலே வைத்தால் மரம் காய்ந்து சுருங்கி வெடிக்கும். வெயில் படும் யன்னலோரத்தில் பாய்த்துணி இற்றுப்போகும். கண்ணாடிப் பெட்டி நல்லது. அதில் காற்றோடச் சிறு துளைகள் விடுங்கள்.

ஏதாவது முறிந்தால் துண்டைக் கடித உறைக்குள் போட்டு, எந்த இடத்துத் துண்டு என்று எழுதி வையுங்கள். பிறகு மரவேலைக்கான வெள்ளைப் பசையைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு ஒட்டலாம். எங்கள் பருமலை அப்படித்தான் ஒட்டினோம்.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் தூரிகை பிடிக்கிறாள். பெரியப்பா பக்கத்தில் இருந்து, இது அணியம், இது சுக்கான், இது பருமல் என்று காட்டிக் கொடுக்கிறார். அவளும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்கிறாள். ஒட்டின இடம் இன்னும் தெரிகிறது. அது எப்படி முறிந்தது என்று அவள் கேட்டாள். நாங்கள்தான் என்று சொல்லிவிட்டோம்.