இரண்டு சூரியோதயம்

ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், இக்காலத்தில் மைல் கணக்கு யாரும் சொல்வதில்லை. மணிக் கணக்கே சொல்லுகிறோம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்திலிருந்து லண்டன் சுமார் 9,000 மைல். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வழியில் எங்கும் இறங்காமல் இத்தூரத்தைக் கடக்கும் விமானப் போக்குவரத்து தொடங்கிற்று. பிரயாண காலம் சுமார் 17 மணி. "அம்மாடி! அவ்வளவு நேரம் எப்படி உட்கார்ந்திருப்பது?" என்று மலைப்பவர்களுக்கு, அதே பெர்த்திலிருந்து முன்பு கிளம்பிய வேறு சில விமானங்களின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த ஆகாய மார்க்கம் துண்டிக்கப்பட்டது. 1943-இல் அதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். பெர்த்திலிருந்து, இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரி வரையில், இந்து மகா சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டுவது என்பதே அவ்வழி. தூரம் சுமார் 3,500 மைல். நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்கும் காட்டலினா விமானங்கள் இவ்வேலைக்கு அமர்த்தப்பட்டன. அவற்றின் வேகமோ மணிக்குச் சுமார் 120 மைல்தான். ஆகவே பிரயாணம் 27 மணி முதல் 32 மணி வரையில் நீண்டது. பிரயாணிகள் ஆகாயத்தில் இருந்தபடியே இரண்டு முறை சூரியோதயம் பார்த்தார்கள்!

இவ்வளவு தூரத்துக்குப் பெட்ரோல் சுமந்த பிறகு, விமானத்தில் வேறு பாரத்துக்கு இடம் ஏது? மூன்று பிரயாணிகள், சுமார் 150 ராத்தல் தபால் - அவ்வளவே. தூரம் மிகமிக, எண்ணெய் மனிதனுடைய இடத்தைப் பிடித்துக்கொள்ளுகிறது என்பது விமான சாஸ்திரத்தின் பால பாடம்.

வழியில் ரேடியோவில் வாய் திறந்தால் எதிரிக்கு இருப்பிடம் தெரிந்துவிடும். எனவே இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தே திசை கண்டார்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டினார்கள்: அல்டேர், வேகா, ரைகல், அன்டாரெஸ், ஸ்பைகா. இவற்றில் அல்டேர் நம்முடைய திருவோணம், அன்டாரெஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. நம் பாட்டிமார் ஜாதகத்தில் பார்த்த நட்சத்திரங்களே அந்த மாலுமிகளுக்கு வழி காட்டின.

1945 வரையில் இவ்விதம் 271 முறை சமுத்திரத்தைத் தாண்டினார்கள். ஒரு விமானமும் கடலில் வீழ்ந்ததில்லை. அந்த யுத்தம் யாருடைய சாம்ராஜ்யத்தைக் காப்பதற்காக நடந்தது என்பதைப் பற்றி நமக்கு அபிப்பிராய பேதம் உண்டு. அந்த விமானிகளின் தைரியத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்க முடியாது.

அன்று 3 பேர் போன ஆகாயத்தில், 2018-இல் லண்டனுக்குக் கிளம்பிய விமானத்தில் 236 ஆசனங்கள் இருந்தன. சமுத்திரம் ஓர் அங்குலமும் சுருங்கவில்லை. சுருங்கியது நேரம், அதைச் சுருக்கியவை மனிதனுடைய அறிவும் துணிவும். கடல் கடந்து வாழும் மகனையோ மகளையோ பார்க்கப் புறப்படும் பெற்றோர்கள், பதினேழு மணி நேரத்தை நினைத்து அஞ்ச வேண்டாம். ஒரே ஒரு சூரியோதயத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்!