கப்பலில் வந்த எமன்

ஆஸ்டின் டவுனில் நெருக்கியடித்துக் கட்டிய வீடுகளில் மாலை விளக்குப் போட்டதும் முதலில் ஆஜராவது பல்லிதான். டியூப்லைட்டின் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பூச்சிக்குக் காத்திருக்கும். பேச்சுக்கு நடுவே அது சத்தமிட்டால், "பல்லியே சொல்லிவிட்டது" என்பார் வீட்டுப் பெரியவர். தலையில் விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பார்கள். மற்றபடி அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வீட்டுப் பல்லி எங்கும் பிழைத்துக்கொள்ளும். சரக்கோடு சரக்காகக் கப்பலேறிப் பல தேசங்களில் குடியேறிய இனம் அது.

அப்படிப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று கிறிஸ்துமஸ் தீவு. ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கி.மீ. தொலைவில், 135 சதுர கி.மீ. பரப்பில், ஆஸ்திரேலியாவின் வசம் உள்ள தீவு. 2019 முதல் 2021 வரை ஓர் ஈழத் தமிழ்க் குடும்பம் அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்ததால் நம்மவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். அந்தத் தீவுக் காட்டு மரங்களில் வேறெங்கும் இல்லாத பல்லி ஒன்று வாழ்ந்தது. 1887இல் அங்கே சென்ற இயற்கை ஆய்வாளர் லிஸ்டரின் பெயரால் அது லிஸ்டர் பல்லி.

சரியாக நூறாண்டு கழித்து, 1987 வாக்கில், தீவில் ஒரு புதிய பாம்பு தென்பட்டது. நம் வீடுகளில் கட்டுவிரியன் என்று தவறாக நினைத்து அடிக்கப்படும் விஷமற்ற ஓநாய்ப் பாம்பின் நெருங்கிய உறவு அது. சரக்குக் கப்பலில் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பல்லிதான் அதன் முக்கிய ஆகாரம். இத்தகைய எதிரியையே அறியாத தீவுப் பல்லிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவற்றின் அழிவுக்கு ஆய்வாளர்கள் முதலில் சந்தேகிப்பது இந்தப் பாம்பைத்தான். பாம்போடு பழகிய வீட்டுப் பல்லியோ இன்றும் அங்கே சுகமாக இருக்கிறது.

2009இல் அதிகாரிகள் விழித்துக்கொண்டு, எஞ்சியிருந்த லிஸ்டர் பல்லிகளில் 43ஐப் பிடித்துக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். 2012க்குப் பிறகு காட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தீவிலும் சிட்னியின் டரோங்கா மிருகக்காட்சி சாலையிலும் அவை பெருகியிருக்கின்றன. ஆனால் காட்டில் விட வழியில்லை; பாம்பு அங்கேயே இருக்கிறது. அதே தீவின் காட்டு அரணைக்கு இந்த அதிர்ஷ்டமும் இல்லை. அதன் கடைசிப் பிரதி 2014 மே மாதம் கூண்டிலேயே செத்தது.

இது யாரோ ஒருவர் தீவின் கதை என்று விட்டுவிட முடியாது. நம் நிக்கோபார் தீவுகளிலும் அங்கே மட்டுமே வாழும் பல்லிகள் உண்டு. கிரேட் நிக்கோபாரில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. எத்தனை மரம் வெட்டப்படும் என்று வாதம் நடக்கிறது; நடக்கட்டும். கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: அங்கே இறங்கும் பெட்டிகளுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்கப் போவது யார்? முதல் கப்பல் வருவதற்கு முன்பே இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். கிறிஸ்துமஸ் தீவில் பாம்பைப் பார்த்த பிறகு விழித்துக்கொள்ள இருபது வருஷம் பிடித்தது.